நாள் குறித்த வித்வான்
யுஸ்தூஸ் யோசேப்பு ஐயரின் ஜீவியம்



இந்தப் பக்கத்தில் பரிசுத்தவான்களுடைய ஜீவியத்தை எழுதும்போது, அவர்கள் பட்ட பாட்டையும் கர்த்தர் தந்த ஜெயத்தையும் எழுதி முடிப்பது வழக்கம். இந்த முறை எழுதப்போகிறவர் அப்படி எளிதாக எழுதி முடிக்கக்கூடியவர் அல்ல. கர்த்தருக்காக எல்லாவற்றையும் விட்டவர், எழுப்புதல் அக்கினியில் நின்றவர், கேரளத்தில் இன்றும் பாடப்படுகிற பாட்டுகளைத் தந்தவர். அவரே கர்த்தருடைய வருகைக்கு நாள் குறித்து, ஆயிரக்கணக்கான ஜனங்களை அந்த நாளுக்காகக் காத்திருக்கப் பண்ணினவரும்கூட.

ஏன் இப்போது இவரைப் பற்றி? 2025 செப்டம்பர் மாதம் கைபேசி கைபேசியாய் ஒரு செய்தி சுற்றி வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த மாதம் 23, 24 தேதிகளில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் சொன்னதை, தமிழில் மொழிபெயர்த்து, பின்னணி இசையும் போட்டு அனுப்பினார்கள். பாம்பனிலும் வந்துசேர்ந்தது. உபவாச ஜெபம் முடிந்து ஒரு சகோதரி என்னிடம் தனியாக வந்து, மகளுக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய கடைசி நாள் அதே வாரத்தில் வருகிறது, கட்டணுமா வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேலியாகக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. வட்டிக்கு வாங்கின பணம் அது. கட்டுங்கம்மா, இன்னைக்கே போய்க் கட்டுங்க என்று சொன்னேன். கட்டினார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகுதான் யோசேப்பு ஐயரைப் பற்றித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

அவருடைய பழைய பெயர் ராமய்யன். 1835ஆம் வருஷம் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் தெற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் வந்து தங்கியது. சமஸ்கிருதம், சங்கீதம் எல்லாம் கற்றவர். சின்ன வயதிலேயே புலமை வந்துவிட்டதால் ஜனங்கள் வித்வான் குட்டி என்று கூப்பிட்டார்கள். கடைசிவரைக்கும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. நம்ம ஊரிலிருந்து நீண்டகரைக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போய்வருகிற தம்பிமாருக்கு அந்தப் பக்கம் தெரியும். நீண்டகரையிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கருநாகப்பள்ளி, அதைத் தாண்டி உள்ளே போனால் மாவேலிக்கரை. அவருடைய ஊழியம் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான்.

மாவேலிக்கரையில் அப்போது சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த ஜோசப் பீட் ஐயர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். ராமய்யன் சுவிசேஷத்தை ஆராய்ந்து, கிறிஸ்துவை அறிந்து, 1861ஆம் வருஷம் தன் வீட்டாரோடு பீட் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். யுஸ்தூஸ் யோசேப்பு என்ற பெயரைப் பெற்றார்.

இது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை, பாருங்க. வெள்ளைக்காரன் நேராக ஆண்ட பகுதியில் 1850இலேயே, மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்று சட்டம் வந்துவிட்டது. திருவிதாங்கூரோ ராஜாவின் சமஸ்தானம். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. பூணூலைக் கழற்றுகிறவன் சாதியோடு சேர்த்து எதையெல்லாம் இழக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினார். பிற்பாடு அதே சி.எம்.எஸ். சபையில் குருப்பட்டமும் பெற்றார். நம்ம பக்கம் அந்த நாளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இவர் பிறப்பாலும் ஐயர், பட்டத்தாலும் ஐயர். கருநாகப்பள்ளி பக்கத்தில் கன்னேற்றி சபையில் ஊழியம் செய்தார். சங்கீத ஞானம் முழுவதையும் கர்த்தருக்கே கொடுத்து, கர்நாடக ராகத்தில் மலையாளக் கீர்த்தனங்களை எழுதினார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவரைத் தொட்ட அக்கினி இங்கிருந்துதான் மலையைத் தாண்டிப் போனது.

திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற ஊழியர் இருந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு ஆந்தனி நோரிஸ் குரோவ்ஸ் என்ற இங்கிலாந்து விசுவாசியோடு சேர்ந்து நடந்தார். அந்தக் குரோவ்ஸ் பல் வைத்தியர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, மிஷன் சம்பளம் எதுவும் இல்லாமல் கர்த்தரை மட்டும் நம்பி ஊழியத்துக்கு வந்தவர். அநாதைப் பிள்ளைகளுக்காக ஜெபித்தே வாழ்ந்த ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கையைத்தான் கட்டியிருந்தார். அருளப்பனும் அதே வழியில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். 1860இல் அந்தச் சின்ன ஊரில் எழுப்புதல் இறங்கியது. பாவ அறிக்கை, அழுகை, தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை எல்லாம் அங்கே காணப்பட்டன. அமெரிக்காவில் அசூசா தெருவில் எழுப்புதல் வந்தது 1906இல். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னால் நம்ம வத்திராயிருப்புப் பக்கம்! பெந்தெகொஸ்தே என்பது மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அல்லேலூயா!

அருளப்பன் 1867இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆனால் அக்கினி அவியவில்லை. 1873இல் தமிழ் சுவிசேஷகர்கள் மூலமாய் அது திருவிதாங்கூருக்குப் போனது. சி.எம்.எஸ். சபைகளிலும் சிரியன் கிறிஸ்தவர்கள் நடுவிலும் பற்றிப் பிடித்தது. யோசேப்பு ஐயரும் அவருடைய சகோதரர்களும் அதன் நடுவில் நின்றார்கள். பெயருக்குக் கிறிஸ்தவர்களாய் இருந்தவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பாவங்களை வெளிப்படையாய்ச் சொன்னார்கள். கர்த்தர் சீக்கிரம் வருகிறார் என்பதே எங்கும் செய்தி. அதுவரைக்கும் எல்லாம் நல்லதே. நானும் நீங்களும் விசுவாசிக்கிற அதே செய்திதான்.

பிறகு 1875இல் அந்த வார்த்தை வந்தது. எழுப்புதல் கூட்டத்தில் இருந்த தொம்மன் என்பவர் தீர்க்கதரிசனம் என்று சொல்லி, கர்த்தருடைய வருகைக்கு இன்னும் ஆறு வருஷம்தான் என்றார். 1881ஆம் வருஷம், அக்டோபர் 2ஆம் தேதி. இன்று காந்தி ஜெயந்தி விடுமுறையாய் நாம் அறிந்திருக்கிற அதே தேதி.

அந்தக் கூட்டத்தில் அதை நிதானிக்கக் கூடியவர் ஒருவர் இருந்தார் என்றால் அது யோசேப்பு ஐயர்தான். படித்தவர், வேதம் அறிந்தவர், சபையின் மேய்ப்பர். அவர் அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல் அதையே பிரசங்கித்தார். மிஷனரிமார் எச்சரித்தார்கள், கேட்கவில்லை. சி.எம்.எஸ். உறவு முறிந்தது, அவரும் அவரோடிருந்தவர்களும் தனிச் சபையாய்ப் பிரிந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பின்னால் போனார்கள். வெளியே இருந்தவர்கள் ஆறு வருஷக்காரர் என்றும், அஞ்சரை வேதக்காரர் என்றும் கேலிப்பெயர் வைத்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்லணும். அப்போஸ்தலர் முதலாம் அதிகாரம் 23ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். யூதாஸின் இடத்துக்கு நிறுத்தப்பட்ட இரண்டு பேரில் ஒருவருடைய பெயர் யோசேப்பு. அவருக்கு யுஸ்து என்ற மறுபெயரும் உண்டு. ஐயர் தரித்திருந்த பெயர் அது. இப்போது அதே அதிகாரத்தில் 7ஆம் வசனத்துக்குப் போங்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது சீஷர்களுக்கு அடுத்ததல்ல, அது பிதாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்று உயிர்த்தெழுந்த ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தன் பெயர் இருக்கிற அதிகாரத்திலேயே, பதினாறு வசனத்துக்கு மேலே! பண்டிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் எப்படித் தாண்டிப் போனார்? நான் நினைக்கிறது இதுதான்: கூட்டத்தில் அத்தனை பேர் அழுது மனந்திரும்புகிறதைக் கண்ணால் பார்த்தவருக்கு, அதே கூட்டத்தில் வந்த வார்த்தையைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அழுகை உண்மையாய் இருந்தால் அங்கே சொல்லப்படுகிற எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொண்டார். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணக் கூடாது என்று எழுதின பவுல், அதற்கு அடுத்த வசனத்திலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). நம்ம ஜெபக் கூட்டங்களிலும் முதல் வசனத்தை அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதை அவ்வளவாய்க் கேட்கிறதில்லை.

அந்த ஆறு வருஷத்தை யோசித்துப் பார்க்கிறேன். கேரளம் தென்னை பூமி. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். 1875இல் அந்தச் சபையில் ஒரு தகப்பன் கையில் தென்னங்கன்றோடு நின்றால், நடுவானா, மாட்டானா? வயதுக்கு வந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பானா? பக்கத்து வீட்டானிடம் வாங்கின கடனுக்கு ஏழு வருஷத் தவணை பேசுவானா? முதல் வருஷம் ஜெபம் கொழுந்துவிட்டு எரிந்திருக்கும். மூன்றாம் வருஷம்? ஐந்தாம் வருஷம், ஏழ்மையும் பிணியும் வந்தபோது?

1881 அக்டோபர் 2 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள் வந்தது, போனது. வானம் திறக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, ஜனங்கள் அடுப்பு பற்ற வைக்க வேண்டியிருந்தது, கேலி பேசுகிற ஊர் வழியாய் நடந்து போக வேண்டியிருந்தது.

அநேகர் மனம் உடைந்து, வெட்கத்தோடு பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். அப்படித் திரும்பினவர்களை நான் மெச்சுகிறேன். ஏமாந்தோம் என்று ஊரறிய ஒத்துக்கொண்டு, பழைய பெஞ்சில் வந்து உட்காருவதற்கு நிறையத் தாழ்மை வேண்டும். யோசேப்பு ஐயருக்கோ அது முடியவில்லை. நாள் தவறவில்லை, கர்த்தர் அன்றைக்கு ஆவியிலே வந்துவிட்டார், ஒரு புது யுகம் பிறந்துவிட்டது என்று போதிக்க ஆரம்பித்தார். அதற்கு யூயோமயம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு சின்னக் கூட்டம் அவரோடு நின்றது. மேகங்கள் மேல் வெளிப்படையாய் எல்லாக் கண்களும் காண வருகிறவரை, யாரும் காணாமல் வந்துபோனவராக்க வேண்டியதாயிற்று. எதற்காக? ஒரு தேதியைக் காப்பாற்ற.

இது அவர் ஒருவருக்கு நடந்ததும் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அவர் பின்னால் வந்த கூட்டம் 1844 அக்டோபர் 22இல் காத்திருந்து ஏமாந்தது. கொரியாவில் ஒரு ஊழியர் 1992 அக்டோபர் 28 என்றார். விசுவாசிகள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். போலீஸ் விசாரித்தபோது, அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடைகிற கடன்பத்திரங்களை அவரே வாங்கி வைத்திருந்தது வெளியே வந்தது! அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. யோசேப்பு ஐயரை நான் இவரோடு சேர்க்கமாட்டேன். ஐயர் பணத்துக்காகச் சொன்னவர் அல்ல. தானும் அதை நம்பினார். நம்பினதால் பின்னால் போனவர்களுக்கு நஷ்டம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

அப்படியானால் அடையாளங்களைப் பார்க்கவே வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். பாம்பன்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? நம்ம துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்று முதல் பதினொன்று வரைக்கும் எண் உண்டு. மூன்றாம் எண் கூண்டைப் பார்த்தவுடன், காற்று எத்தனை மணிக்கு அடிக்கும், அதுவரை எத்தனை மணி நேரம் தூங்கலாம் என்று யாராவது கணக்குப் போடுவீர்களா? வல்லத்தை மேலே இழுத்துப் போடுவீர்கள். விசைப்படகை நல்ல இடம் பார்த்து நங்கூரம் இட்டு, கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டுவீர்கள். கடலுக்குப் போன மச்சான் கரை சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேட்பீர்கள். அவ்வளவுதான். மத்தேயு 24இல் ஆண்டவர் சொன்ன யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் கூண்டுதான். அதே அதிகாரம் 36ஆம் வசனத்தில், அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர ஒருவரும் அறியார், தேவதூதரும் அறியார் என்றும் சொல்லிவிட்டார். 1964 டிசம்பர் 22 ராத்திரி இதே பாம்பன் ஸ்டேஷனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். யாத்திரைக்காரர், பிழைப்புக்குப் போனவர், வீட்டுக்குத் திரும்பினவர். அலை வந்து ரயிலோடு கொண்டுபோனது. அவர்கள் நம்மைவிடப் பாவிகள் அல்ல. நாழிகை தெரியவில்லை, அவ்வளவுதான். யாருக்குத்தான் தெரியும்?

இன்னொன்றும் பாருங்க. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்? படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, என்ஜின் பார்த்து, வலை பொத்துகிறார். செபெதேயுவின் குமாரரை ஆண்டவர் கண்டபோதும் அவர்கள் வலையைத்தான் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். தெசலோனிக்கே சபையிலும் சிலர் வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தார்கள். பவுல் அவர்களைச் செல்லம் கொஞ்சவில்லை. உழைக்க மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கண்டிப்பாய் எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 3). வருகைக்குக் காத்திருக்கிற சகோதரி மகளுக்குப் பீஸ் கட்டுவதும், காத்திருக்கிற சகோதரன் படகுப் பங்கில் அண்ணன் தம்பிக்குள்ளே இருக்கிற கணக்கை நேராக்குவதும் விசுவாசக் குறைச்சல் இல்லை. பேச்சுவார்த்தை நின்று போன வீடுகள் நம்ம சபையிலும் இருக்கின்றன, பெயர் சொல்லமாட்டேன். பத்துக் கன்னிகைகளிலும், தூங்கிப்போனவர்கள் பத்துப் பேருமே. மணவாளன் வந்தபோது ஐந்து பேரிடம் எண்ணெய் இருந்தது.

யோசேப்பு ஐயர் 1887இல் மரித்தார். தீர்க்கதரிசனம் வந்தது 1875இல், குறித்த நாள் 1881இல். அந்த நாளுக்குப் பிறகு கர்த்தர் அவருக்கு இன்னொரு ஆறு வருஷம் கொடுத்திருக்கிறார். எழுதக்கூடிய கை, பாடக்கூடிய தொண்டை, ஐம்பது வயதையொட்டின அனுபவம். அந்த ஆறு வருஷமும் யூயோமயத்தை ஸ்தாபிக்கிறதில் போயிற்று. இதை வாசித்தபோதுதான் எனக்கு மிகவும் துக்கமாயிருந்தது.

ஆனாலும் கர்த்தர் அந்த எழுப்புதலை வீணாய் விடவில்லை. அதில் அசைக்கப்பட்ட வட்டாரங்களில்தான் 1888இல் மார்த்தோமா சுவிசேஷ சங்கம் எழும்பியது. 1890களில் பம்பை ஆற்று மணலில் மாராமண் கன்வென்ஷன் ஆரம்பித்தது. அதற்கும் பின்னால் பெந்தெகொஸ்தே ஊழியர் போய்ப் பிரசங்கித்தபோது, ஏற்கெனவே உழப்பட்ட நிலமாய் இருந்தது அந்த மத்தியத் திருவிதாங்கூர்.

ஐயருடைய பாட்டுகளும் நிற்கின்றன. யூயோமயத்தை ஏற்காத மார்த்தோமா சபையாரும் சி.எஸ்.ஐ. சபையாரும் அவற்றைத் தங்கள் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. இன்றைக்கும் ஆராதனையில் பாடுகிறார்கள். நீண்டகரை, சக்திகுளங்கரையில் தொழில் பார்க்கிற நம்ம தம்பிமார் யாராவது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து ஆலயத்துக்குப் போனால், வித்வான் குட்டி பாட்டு எது என்று கேட்டு, போனில் பதிவு பண்ணிக்கொண்டு வாருங்கள். வாலிபர் கூட்டத்தில் போட்டுக் கேட்போம். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த இதழில் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன் ஐயாவைப் பற்றி விவரமாய் எழுதுகிறேன்.